பூட்டைக் கழற்றாமல் பழுது பார்ப்போம்

தோற்றுவாய்

வானொலிப் பெட்டியும் தொலைபேசியும் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில் மட்டுமே இருந்தன. இன்றோ இணைய இணைப்பு மின்சாரத்தையும் குடிநீரையும் போல இல்லத்தின் தேவைகளுள் ஒன்றாகிவிட்டது. மாணவர் தேர்வுக்கு விண்ணப்பிப்பதும், ஆசிரியர் பாடக் குறிப்புகளைத் திரட்டுவதும், கடல் கடந்து பொருளீட்டச் சென்ற மகனின் முகத்தைப் பெற்றோர் திரையிற் காண்பதும், வங்கிக் கணக்கின் இருப்பை அறிவதும் அவ்விணைப்பின் வழியாகவே நடைபெறுகின்றன. கூடத்தின் மூலையில் சிறு விளக்குகளோடு அமர்ந்திருக்கும் ஒரு பெட்டியே இவ்வளவுக்கும் வாயிலாக விளங்குகிறது. அதனைத் திசைவி என்று கலைச்சொல்லால் குறிப்பர். ரூட்டர் என்பதே மக்கள் வழக்கு. நாமும் இக்கட்டுரையில் ரூட்டர் என்றே வழங்குவோம்.

இணைப்பு நின்றுவிட்டால் இல்லமே நிலைகுலைகிறது. அவ்வேளையில் விவரம் அறிந்தவர் என்று கருதப்படும் ஒருவரை அழைக்கிறோம். அவர் கடவுச்சொல்லை நீக்கிப் பார்க்கிறார். அல்லது பெட்டியின் பின்புறத் துளையில் ஊசியைச் செருகி, அமைத்தவை அனைத்தையும் அழித்துப் பார்க்கிறார். எப்படியோ இணைப்பு வருகிறது, யாவரும் மகிழ்கிறோம். ஆனால் கழற்றிய பூட்டு மீண்டும் மாட்டப்படுவதே இல்லை. பழுது நீங்கியது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் கதவு திறந்து கிடக்கிறது.

பூட்டைக் கழற்றாமலேயே பெரும்பாலான பழுதுகளைக் கண்டறிய இயலும். முறையாகப் பழுது பார்க்கக் கற்றவனே தன் இல்லத்தின் வலையைக் காக்கவும் வல்லவனாகிறான். இவ்வுண்மையை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பியும் வெளியும்

வீட்டு இணைப்பு என்பது ஒன்றன்று. இரண்டு இணைப்புகளின் தொடர்ச்சி. நிறுவனத்தின் நிலையத்திலிருந்து நம் வீட்டுப் பெட்டி வரை வருவது முதல் இணைப்பு. இது பெரும்பாலும் கண்ணாடி இழையின் வழியே ஒளியாக வருகிறது. பெட்டியிலிருந்து நம் கைப்பேசிக்கோ கணிப்பொறிக்கோ செல்வது இரண்டாம் இணைப்பு. இது வானொலி அலையாகச் செல்கிறது. இவ்விரண்டாவதையே வைஃபை என்கிறோம். இவ்வேறுபாட்டை உணராமையே குழப்பங்கள் பலவற்றுக்குக் காரணம். "வைஃபை இல்லை" என்று நாம் கூறும்போது, பல வேளைகளில் வைஃபை நன்றாகவே இருக்கும். வெளியிலிருந்து வரும் இழையே அறுந்திருக்கும்.

கம்பியில்லா வலைக்கான பொதுத் தரம் 1997ஆம் ஆண்டு 802.11 என்னும் எண்ணுடன் வெளியிடப்பட்டது. அன்று அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999இல் வந்த அடுத்த தரம் அதனை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையை உரிமம் பெறாமலே பயன்படுத்தலாம் என்னும் அறிவிக்கை 2005ஆம் ஆண்டு சனவரியில் வெளியானது. அதன் பின்னரே வீடுதோறும் இப்பெட்டி பரவ வழி பிறந்தது.

கம்பி சுவருக்குள் அடங்கும், அலை அடங்காது. நம் பெட்டி அனுப்பும் அலை நம் அறையைக் கடந்து, அண்டை வீட்டையும் தெருவையும் சென்றடைகிறது. ஆதலால் கம்பியில்லா வலையில் வாயிற்கதவு வீட்டின் வாசலில் இல்லை, தெருவில் இருக்கிறது. இக்கருத்தை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

பழுது காணும் வரிசை

மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்து எழுதுவதில்லை; நாடி பார்க்கிறார், வினவுகிறார், பின்னரே முடிவு செய்கிறார். இங்கும் அவ்வாறே ஐந்து வினாக்களை வரிசையாக எழுப்புதல் வேண்டும்.

முதல் வினா: பழுது ஒரு கருவியிலா, எல்லாக் கருவிகளிலுமா? தந்தையின் கைப்பேசியில் மட்டும் இணைப்பில்லை, ஏனையோர்க்கு இருக்கிறது என்றால் ரூட்டரைத் தொடவே கூடாது. குறை அக்கைப்பேசியில் உள்ளது. எல்லார்க்கும் இல்லை என்றால் மட்டுமே பெட்டியை நோக்க வேண்டும்.

இரண்டாம் வினா: விளக்குகள் யாது கூறுகின்றன? இழை இணைப்புப் பெட்டியில் பி.ஓ.என். என்று குறிக்கப்பட்ட விளக்கு நிலையாகப் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தால் வெளியிணைப்பு நலமாக உள்ளது. எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். மேசையையோ பீரோவையோ நகர்த்தும்போது இழை கூர்மையாக மடிந்துவிட்டாலும் இந்நிலை நேரும். மடிந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை மெல்ல நீக்கிப் பார்க்கலாம். அதற்கும் மாறாவிட்டால் நிறுவனத்தாரை அழைப்பதே வழி. இப்பழுதுக்குக் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயன் சிறிதும் இல்லை. எந்த விளக்கும் எரியவில்லையாயின் மின்னிணைப்பையும் அடாப்டரையும் ஐயுற வேண்டும்.

மூன்றாம் வினா: பெட்டி நம்மோடு பேசுகிறதா? ஒவ்வொரு ரூட்டருக்கும் ஓர் அமைப்புப் பக்கம் உண்டு. அதன் முகவரி 192.168.1.1 என்பது போன்ற எண்ணாகப் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். கைப்பேசியில் அவ்வெண்ணை உள்ளிட்டால் அப்பக்கம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தால் நமக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வைஃபை நலமே, குறை வெளிப்புறத்தது. திறக்காவிட்டால் குறை உட்புறத்தது. இவ்வொரு சோதனையே பழுதின் களத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

நான்காம் வினா: நம் கருவிக்கு எண் முகவரி கிடைத்துள்ளதா? வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண்ணை வழங்குகிறது. விடுதிக்கு வருவோர்க்கு அறை எண் தருவது போன்றது இது. கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கணிப்பொறி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறியலாம். அந்நிலையில் அக்கருவியில் சேமித்த வலையின் பெயரை மறக்கச் செய்து மீண்டும் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிடில் ரூட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்க வேண்டும்.

ஐந்தாம் வினா: பெயர் எண்ணாக மாறுகிறதா? நாம் தளத்தின் பெயரை உள்ளிடுகிறோம். இணையமோ எண்ணையே அறியும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் பணியை டி.என்.எஸ். என்பர். அது தொலைபேசிக் கையேட்டை ஒத்தது. 1.1.1.1 என்னும் எண்ணை உள்ளிட்டால் பக்கம் திறந்து, பெயர்களை உள்ளிட்டால் மட்டும் திறக்காவிட்டால், சாலை சீராக உள்ளது, கையேடு மட்டுமே காணவில்லை என்று கொள்ளலாம்.

நிறுத்துதல் வேறு, அழித்தல் வேறு

ரூட்டரை நிறுத்தி இயக்குவதற்கும் அதன் அமைப்பை அழிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னதில் மின்னிணைப்பைத் துண்டித்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் தருகிறோம். பெட்டியின் நினைவகத்தில் தேங்கிய தற்காலிகக் குழப்பங்கள் அகலுகின்றன. அமைப்புகள் அப்படியே இருக்கின்றன. முழுமையாக இயங்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து மீண்டும் நிறுத்துதல் கூடாது.

பின்னது ரீசெட் எனப்படும் துளையில் ஊசியால் அழுத்துவது. வலையின் பெயர், கடவுச்சொல், நிறுவனம் வழங்கிய கணக்கு விவரம் முதலிய அமைப்புகள் அனைத்தையும் அது அழித்துவிடுகிறது. கணக்கு விவரத்தை மீண்டும் உள்ளிடாமல் பல பெட்டிகளில் இணைப்பே வராது. சிறிய பழுது பெரும் பழுதாகிறது. அதனினும் கொடிது, தொழிற்சாலையில் வைத்த பழைய கடவுச்சொல் மீண்டும் ஆட்சிக்கு வந்துவிடுவதாகும். எல்லா வழியும் அடைபட்ட பின்னரே, தேவையான விவரங்கள் கையில் இருக்கும்போது மட்டுமே, இவ்வழியை நாடலாம்.

வெளியில் நேரும் நெரிசல்

இணைப்பு இருக்கிறது, ஆனால் மந்தமாக உள்ளது, அடிக்கடி அறுகிறது என்பது மற்றொரு வகைக் குறை. இதற்குக் காரணம் பெரும்பாலும் இடமும் நெரிசலுமே.

வீட்டு ரூட்டர்கள் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்சு, 5 கிகாஹெர்ட்சு என்னும் இரு வரிசைகளில் இயங்குகின்றன. முன்னது தொலைவு செல்லும். சுவரை ஓரளவு கடக்கும். ஆயின் நெரிசல் மிக்கது. பின்னது விரைவு மிக்கது. சுவர்களைக் கடக்கும்போது விரைவில் தளர்ந்துவிடும். படுக்கையறையில் வலுவிழந்து போகும் இணைப்பை 2.4க்கு மாற்றிப் பார்ப்பதும், ரூட்டர் உள்ள கூடத்தில் மந்தமாகும் இணைப்பை 5க்கு மாற்றிப் பார்ப்பதும் பயன் தரும்.

நம் நாட்டில் 2.4 வரிசையில் 1 முதல் 13 வரை தடங்கள் உள்ளன. ஆனால் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்சு இடைவெளியே உள்ளது. ஒரு வலைக்கோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்சு அகலம் வேண்டும். எனவே ஒன்றோடொன்று மோதாமல் ஒருங்கே இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே. அடுக்கு மாடிக் குடியிருப்பில் பத்து வீட்டார் இம்மூன்று தடங்களையே பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அண்டை வீட்டார் பெரும்பாலோர் 6இல் இருந்தால் நாம் 1க்கோ 11க்கோ மாறுவதே அறிவுடைமை. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்சில் இயங்குவதால், அது இயங்கும் நேரத்தில் மட்டும் இணைப்புத் தடுமாறுவதும் உண்டு.

பெட்டியை வைக்கும் இடமும் கருதத்தக்கது. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். நீர் அதனை உறிஞ்சும். இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட் அதனைத் தளர்த்தும். அழகு கருதி ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னாலோ, தொலைக்காட்சியின் பின்புறத்திலோ, மூடிய அலமாரியிலோ மறைத்து வைப்பது விளக்கைக் குடத்திற்குள் ஏற்றி வைப்பதை ஒக்கும். வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே நன்று.

பூட்டின் வரலாறு

இனி, பாதுகாப்புக்கு வருவோம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் பாதுகாப்பு என்னும் தலைப்பின்கீழ் சில குறுக்கப் பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் வரலாற்றை அறிந்தால் எதனைத் தேர்வது என்பது தானே விளங்கும்.

1997ஆம் ஆண்டின் தரத்தோடு வந்த பூட்டு டபிள்யு.இ.பி. ஆகும். அதில் ஒவ்வொரு செய்திப் பொதிக்கும் 24 பிட் நீளமுள்ள ஓர் எண் சேர்க்கப்பட்டது. அவ்வாறு அமையத்தக்க எண்கள் ஏறத்தாழ 1 கோடியே 68 இலட்சமே. பரபரப்பான வலையில் இவை விரைவில் தீர்ந்து, பழைய எண்களே மீண்டும் வரும். 2001ஆம் ஆண்டு ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் என்னும் மூவர் இப்பூட்டின் அடிப்படைக் கணிதத்திலேயே குறை உள்ளதைக் காட்டினர். 2007இல் செருமனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை ஒரு நிமிடத்திற்குள் திறக்க முடியும் என்று மெய்ப்பித்தனர்.

இதற்கு இடைக்கால மாற்றாக 2003இல் டபிள்யு.பி.ஏ. வந்தது. 2004இல் அதனினும் வலிய டபிள்யு.பி.ஏ.2 வந்தது. 2017இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் மாத்தி வான்ஹோஃப் இதிலும் ஒரு விரிசலைக் கண்டறிந்தார். ஆயினும் கருவிகளின் மென்பொருளைப் புதுப்பித்த அளவிலேயே அவ்விரிசல் அடைபட்டது. 2018இல் டபிள்யு.பி.ஏ.3 அறிவிக்கப்பட்டது. 2020 சூலை முதல் வைஃபை கூட்டமைப்பின் சான்று பெறும் புதிய கருவிகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது.

டபிள்யு.பி.ஏ.2இல் ஒரு நுட்பம் உண்டு. கருவி வலையில் சேரும்போது அதற்கும் ரூட்டருக்கும் இடையே நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. தெருவில் நிற்பவன் அவற்றைப் பதிவு செய்துகொண்டு, தன் வீட்டில் அமர்ந்து, ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் பொருத்திப் பார்க்கலாம். நம் ரூட்டர் அதனை அறியவே அறியாது. டபிள்யு.பி.ஏ.3 இவ்வழியை அடைத்துவிட்டது. ஒவ்வொரு முயற்சிக்கும் ரூட்டரிடமே வந்து கேட்க வேண்டும்.

இதனால் விளங்குவது யாது? டபிள்யு.பி.ஏ.2 வலிய பூட்டுத்தான். ஆனால் அதன் வலிமை முழுவதும் நாம் வைக்கும் கடவுச்சொல்லைச் சார்ந்தது. நம்மவர் பலர் தம் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கின்றனர். பத்து இலக்க எண் ஆயிற்றே என்று தோன்றலாம். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குவதால், அமையத்தக்கவை 400 கோடி. நொடிக்குப் பல இலட்சம் முறை முயலவல்ல இன்றைய வரைகலை அட்டைகளுக்கு இது சில மணி நேர வேலை. நம் எண்ணை அறிந்தவனுக்கோ அந்நேரமும் தேவையில்லை.

கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தொடர்ந்து எழுதுவது நல்ல வழி. குடை, பல்லி, ஏணி, முறுக்கு, கடிகாரம் என்பன போன்ற சொற்களைக் கோத்தால் நினைவில் வைப்பது எளிது, ஊகிப்பது அரிது. இங்கே அச்சான இத்தொடரையே எடுத்துக்கொள்ளாமல், அவரவர் தமக்கென ஒன்றை ஆக்கிக்கொள்ளல் வேண்டும்.

பூட்டோடு வரும் பழுதுகள்

பாதுகாப்பு அமைப்பினாலேயே இணைப்புத் தடைபடுவதும் உண்டு. பூட்டைக் கழற்றும் எண்ணம் எழுவது இங்கேதான். ஆதலின் இவற்றை அறிதல் இன்றியமையாதது.

முதலாவது, புதிய ரூட்டரில் டபிள்யு.பி.ஏ.3 மட்டும் அமைந்திருந்தால் பழைய கைப்பேசியும் அச்சுப்பொறியும் சேர மறுக்கும். இதற்காகப் பூட்டின்றி விடுதல் வேண்டா. டபிள்யு.பி.ஏ.2, டபிள்யு.பி.ஏ.3 ஆகிய இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலையைத் தேர்ந்தால் போதும். டபிள்யு.இ.பி.யை மட்டுமே அறிந்த கருவி எதுவும் இன்னும் வீட்டில் இருந்தால், அக்கருவிக்காக வீட்டையே திறந்து வைப்பதைவிட அதற்கு விடை கொடுப்பதே நன்று.

இரண்டாவது, கருவிகளின் நிலை எண்ணைப் பதிந்து, அவற்றை மட்டும் அனுமதிக்கும் முறை. மேக் முகவரி வடிகட்டல் என்று இதனைக் கூறுவர். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், கைப்பேசிகள் தம் நிலை எண்ணை மறைத்து, வலைக்கொரு மாற்று எண்ணைக் காட்டுகின்றன. எனவே பதிந்த கைப்பேசியே அயலாராகக் கருதப்பட்டு வெளியே நிறுத்தப்படும். இந்நிலை எண்கள் மறையீடு இன்றி அலையில் செல்வதால், பிறர் அதனைக் கேட்டுப் போலியாகச் சூட்டிக்கொள்ளவும் இயலும். பயன் சிறிது, தொல்லை பெரிது. வலையின் பெயரை மறைத்து வைப்பதும் இத்தகையதே. அதனைப் பயன்படுத்தும் கைப்பேசி, போகுமிடமெல்லாம் அப்பெயரைச் சொல்லி அழைக்க நேர்வதால் மறைவு மறைவாக இருப்பதில்லை.

மூன்றாவது, நாள் பிழை. பழைய கணிப்பொறியின் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் அதன் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவை போலத் தோன்றும். இணைப்புப் பாதுகாப்பற்றது என்னும் எச்சரிக்கை எழும். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே செல்லாமல், நாளையும் நேரத்தையும் திருத்துவதே முறை.

நான்காவது, எண் மாற்றம். வங்கித் தளத்தின் பெயரைச் சரியாக உள்ளிட்டும் வேறு பக்கம் திறக்கிறது என்றால் ஐயுற வேண்டும். ரூட்டருக்குள் நுழைந்தவன் டி.என்.எஸ். முகவரியை மாற்றியிருக்கலாம். 2011, 2012ஆம் ஆண்டுகளில் பிரேசில் நாட்டில் சுமார் 45 இலட்சம் மோடங்கள் இவ்வாறு மாற்றப்பட்டன என மதிப்பிடப்பட்டது. இங்கே பழுதாகத் தோன்றுவது பழுதன்று, களவு. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அம்முகவரியைச் சரிபார்த்து, நிர்வாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றுதல் வேண்டும்.

திறந்த கதவின் விளைவு

"எம் வீட்டில் திருட என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டார் சிறிது பயன்படுத்தினால் என்ன குறைந்துவிடும்?" என்று பெருந்தன்மையோடு கேட்போர் உண்டு. வங்கித் தளங்கள் தமக்கெனத் தனி மறையீட்டைக் கொண்டுள்ளன. ஆதலால் வைஃபை பூட்டின்றி இருந்தாலும் வங்கிக் கடவுச்சொல் உடனே தெருவுக்கு வந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் இடர் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. நம் வலையின் வழியே யார் எதைச் செய்தாலும் அது உலகின் கண்ணுக்கு நம் வீட்டிலிருந்து செய்யப்பட்டதாகவே தோன்றும்.

2008ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் அகமதாபாத் நகரில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. காவல்துறையினர் அதன் இணைய முகவரியைப் பின்தொடர்ந்து நவி மும்பையில் ஒரு வீட்டை அடைந்தனர். அங்கு வாழ்ந்தவர் ஓர் அமெரிக்கர். அவருடைய கம்பியில்லா வலை காப்பின்றி இருந்தது. வேறு எவரோ அதனைப் பயன்படுத்தியிருந்தனர். குற்றத்தில் தொடர்பில்லாத அவர் பல நாள் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. அடுத்த மாதமே மும்பையில் ஒரு கல்லூரியின் வலையும் அவ்வாறே பயன்படுத்தப்பட்டது. இந்நிகழ்ச்சிகளின் பின்னர், 2009இல் தொலைத்தொடர்புத் துறை கம்பியில்லா இணைப்புகளைக் காப்போடு வைக்குமாறு அறிவுறுத்தல் வெளியிட்டது.

எவரோ செய்த பழி, ஏதுமறியாத ஒருவர் வாசலில் வந்து நிற்பது எத்துணைக் கொடுமை! வாடகைக்கு அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் முதல் பேரக் குழந்தைகளுக்காக இணைப்பு வாங்கிய முதியவர் வரை, எவருக்கும் இது நேரலாம். தம் குற்றமின்மையை மெய்ப்பிக்க நேரும் அலைச்சலை எண்ணினால், கடவுச்சொல் அமைக்கச் செலவாகும் சில நிமிடங்கள் ஒரு பொருட்டன்று.

செய்யத்தக்கவை

முதலாவதாக, வைஃபை கடவுச்சொல் வேறு, ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு என்பதை உணர வேண்டும். முன்னது வீட்டின் வாயிற்சாவி. பின்னது பூட்டையே மாற்றவல்ல சாவி. பின்னதைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிடுவோர் பலர். 2016இல் மிராய் என்னும் தீநிரல், ஏறத்தாழ 60 தொடக்கநிலைப் பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டே இலட்சக்கணக்கான காமிராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது.

இரண்டாவதாக, டபிள்யு.பி.எஸ். என்னும் எளிய சேர்க்கை முறையை நிறுத்திவிட வேண்டும். அதன் இரகசிய எண் எட்டு இலக்கம் கொண்டது. எட்டாம் இலக்கம் முன்னுள்ளவற்றிலிருந்தே கணிக்கப்படுவது. எஞ்சிய ஏழையும் ரூட்டர் நான்கு, மூன்று எனப் பிரித்துச் சரிபார்க்கிறது. எனவே ஒரு கோடி முயற்சிக்கு மாறாக 10,000உம் 1,000உம் சேர்ந்து 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டது.

மூன்றாவதாக, விருந்தினர்க்கென ரூட்டரில் தனி வலை அமைக்கும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்த வேண்டும். விருந்தோம்பலும் நிகழும், வீட்டின் உள்ளறையும் காக்கப்படும். தொலைக்காட்சி, காமிரா போன்ற கருவிகளையும் அதிலேயே சேர்க்கலாம்.

நான்காவதாக, ரூட்டரின் மென்பொருளை ஆண்டுக்கு இருமுறையேனும் புதுப்பித்தல் வேண்டும். நிறுவனமே தந்த பெட்டியில் இவ்வமைப்புகள் பூட்டப்பட்டிருந்தால் அவர்களிடம் கேட்டுச் செய்விக்கலாம். கேட்பது நம் உரிமை.

ஐந்தாவதாக, ஒரு சிறு குறிப்பேட்டில் வலையின் பெயர், அமைப்புப் பக்கத்தின் முகவரி, நிர்வாகக் கடவுச்சொல், நிறுவனம் தந்த கணக்குப் பெயர், சேவைத் தொலைபேசி எண் ஆகிய ஐந்தையும் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தல் வேண்டும். இவ்வேடு இல்லாமையால்தான் ஊசியைத் தேட நேர்கிறது.

நிறைவுரை

முற்காலத்தில் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், கடிதம் எழுதித் தருவதையும் படித்துச் சொல்வதையும் கடமையாகக் கொண்டிருந்தார். தாம் படித்த கடிதத்தின் செய்தியை அவர் வெளியே சொல்வதில்லை. அந்நம்பிக்கையே அவருடைய பெருமை. இன்று அவ்விடத்தில் நிற்பவர்கள் நம் மாணவர்கள். அண்டை வீட்டு முதியவர் தம் ரூட்டரை அவர்கள் கையில் ஒப்படைக்கும்போது தம் வீட்டுச் சாவியையே ஒப்படைக்கிறார். இணைப்பை மீட்டுத் தருவது அப்பணியின் பாதி. பூட்டி, சாவியை உரியவரிடம் கொடுத்து, குறிப்பேட்டில் எழுதி வைக்கச் செய்வது மறு பாதி.

விளக்கைப் பார்ப்போம், வினாக்களை வரிசையாக எழுப்புவோம், களத்தைக் குறுக்கிக் காரணத்தைக் காண்போம். பழுது எத்தகையதாயினும் பூட்டை மட்டும் பலி கொடாதிருப்போம். அதுவே நமக்கும் நன்று. நம் சுவருக்கு அப்பால் வாழ்வோர்க்கும் நன்று.